வியாழக்கிழமைக்குள் நின்றுவிடும்

திங்கட்கிழமை காலையிலேயே மதன்குமாரின் கைப்பேசி சிவப்பு காட்டிக் கத்தியது. 'மூன்றாம் நம்பர் ஃபேன். அதிர்வு அதிகம். வியாழக்கிழமைக்குள் பேரிங் போய்விடும்.'

அன்னூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவர் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். மிஷின்மேல் ஒட்டிக்கொண்டு அது நடுங்குவதை அளந்து, கெடுவதற்கு முன்பே கைப்பேசியில் சொல்லிவிடும் காந்தப் பெட்டிகளை முதலாளி பாலகோபாலிடம் ஒரு வருஷம் கெஞ்சி வாங்க வைத்தவர். அந்த ஃபேன் நின்றால் மில்லுக்குள் ஈரக்காற்று வராது, நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

ஃபிட்டர் ஷாஹுல் திருப்புளி முனையை ஃபேன் மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கேன்டீன் பங்காரு அக்கா வைத்த குங்குமப் பொட்டு மோட்டாரில் கலையாமல் இருந்தது.

"நல்லாத்தானுங்க ஓடுது."

"காது தப்பு பண்ணுமுங்க. இது பண்ணாது," என்று மதன்குமார் கைப்பேசியைக் காட்டினார்.

கிரீஸ் வைத்தார்கள். மறுநாள் அதிர்வு கூடியது. பெருந்துறையிலிருந்து ஆறு பேரை வரவழைத்துப் பேரிங்கையே மாற்றினார்கள். பாவம், அவர்களுக்கு மூன்று வேளையும் கேன்டீன் இட்லிதான். அதிர்வு இன்னும் கூடியது. புதன்கிழமை மேலும் பத்துப் பேர் வந்து அடித்தள போல்ட்டுகளை மாற்றினார்கள். ஆள் கூடக் கூட அதிர்வும் கூடியது.

மதன்குமார் ஃபேனைப் பார்த்தே மூன்று நாளாகிவிட்டது. கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பாலகோபால் வந்தார். கோபத்திலும் மரியாதை குறையாத மனிதர்.

"ஏனுங்க மதன், மூணு நாளா மில்ல நிறுத்தி நிறுத்தி ஓட்டறீங்க. இன்னைக்கு உங்க பொட்டி சொன்னது நடக்கலீன்னா, எல்லாத்தையும் திருப்பி அனுப்பிச்சுப் போடலாமுங்க. நீங்களும் ஸ்டோர் ரூமுக்குப் போயிருங்க."

மதன்குமார் ஃபிட்டர் பக்கம் திரும்பினார். "ஷாஹுல், ஃபேன நிறுத்துங்க, பிரிச்சுப் பாத்துரலாம்."

ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. கைப்பேசி மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

"நின்னுபோன ஃபேன் எப்படீங்க நடுங்கும்?" என்றார் முதலாளி.

மதன்குமார் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு வருஷக் கெஞ்சல் அத்தனையும் வீண்.

திடீரென்று கைப்பேசி அடங்கியது. திரையில் அதிர்வுக் கோடு படுத்துவிட்டது.

"பேரிங்... போயிருச்சுன்னு காட்டுதுங்க," என்றார் மதன்குமார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

முதலாளி கைப்பேசியை வாங்கக் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து, முழங்கை வரை மாவோடு பங்காரு அக்கா ஓடி வந்தார். கையில் ஒரு காந்தப் பெட்டி.

"ஏனுங்க சார், ஆட்டிட்டு இருக்கறப்பவே கிரைண்டர் படபடன்னு ஆடி நின்னுபோச்சுங்க, வெள்ளிக்கெழமை ஃபேனத் தொடைக்கறப்ப இந்தப் பொட்டி கையோட வந்துருச்சு, காணாமப் போயிருமேன்னு கிரைண்டர் மோட்டார்ல ஒட்டி வெச்சுபோட்டனுங்க, அதனால இருக்குமுங்களா?"