மலைத்தோளனை மேலே எடுக்கும் வரை

எந்தத் தலையையும் முழுதாக வெட்டி முடிக்காமலேயே சலூன் நடத்திப் பேர் வாங்கியவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். எங்கள் அரைகிராப் அண்ணன். கோலார் தங்க வயலில், மைசூர் மைன்ஸ் பக்கம் வந்து அரைகிராப் கடை எங்கே என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் வழி காட்டுவார்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் வீட்டம்மாவே கொஞ்சம் யோசிப்பார்.

எல்லாம் ஒரு டிவியால் வந்த வினை. சின்னப் பிள்ளைகள் தலையை ஆட்டாமல் உட்காரட்டும் என்று கடையில் ஒன்றை மாட்டினார். அதில் 'ஆகாயபுரி ஐவர்' என்று ஒரு கார்ட்டூன். எதிர்காலத்தில் மேகத்துக்கு மேலே ஒரு நகரம், அதைக் காக்கிற ஐந்து சூப்பர் ஹீரோக்கள். பிள்ளைகள் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தார்கள். இவர்தான் அதில் விழுந்துவிட்டார். சண்டை வந்தால் கத்தரி அந்தரத்தில் நின்றுவிடும். ஹீரோ ஆபத்தில் இருக்கும்போது 'தொடரும்' போட்டுவிட்டால் மனசு சரியில்லை என்று கடையைச் சாத்திவிடுவார். நாம் பாதித் தலையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

நான் பெண் பார்க்கப் போன அன்று காலையில் என்னை ஒரு பக்க மீசையோடு அனுப்பிவைத்த புண்ணியவான் இவர்.

"அண்ணா, இன்னொரு பக்கம்?"

"இன்னாபா அவசரம்? சாயங்காலம் வா, பாத்துக்கலாம். அங்க ஊரே எரிஞ்சிகினு கீது, உனக்கு மீச கேக்குதா?"

எரிந்தது ஆகாயபுரி. நான் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, சளி என்று பொய் சொல்லிப் பெண் பார்த்தேன். முகத்தைச் சரியாகக் காட்டாமலேயே அவளைக் கட்டிக்கொண்டுவிட்டதாக என் மனைவி இன்றைக்கும் சண்டை போடுகிறாள். அண்ணன் மேல் அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

ஹீரோக்களையாவது அவர் மதித்தாரா என்றால் அதுவும் கிடையாது. தலைவன் சுடரோனைக் கண்டாலே பிடிக்காது. "எத்தினி வருசமா பாக்கறேன், ஒரு முடி வளரல. இவனுக்கு எவன் கட்டிங் பண்றான்?" என்பார். அவருக்குப் பிடித்தது மலைத்தோளன் ஒருவனைத்தான். கல்லால் ஆன உடம்பு, பூமியைக் குடைந்துகொண்டு போவான், அதிகம் பேச மாட்டான். சுத்த மொட்டை. "நம்ம தொழிலுக்கு ஒதவாதவன்தான். ஆனா மனுசன்பா" என்று உருகுவார்.

நான் வேலைக்காகப் பெங்களூருக்குக் குடிபோன பிறகும் விடவில்லை. டிவியில் வருவதற்கு முன்பே கதை காமிக்ஸில் வந்துவிடும், அது அங்கேதான் கிடைக்கும் என்று எவனோ சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ரயிலில் புது இதழை நான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் போதாது. அவர் கை வேலையாக இருப்பதால் நாற்காலியில் உட்கார்ந்து நானே சத்தமாகப் படிக்கவும் வேண்டும்.

அப்படி ஒரு ஞாயிறு. தாடையில் பாதி சோப்பு, கழுத்தில் அவர் கத்தி. நான் படிக்கிறேன். வேற்றுக் கிரகத்தில் ஒரு சுரங்கம் சரிகிறது. மலைத்தோளன் கூரையைத் தோளில் தாங்கி நிற்கிறான். மற்ற நாலு பேரும் வெளியே ஓடுகிறார்கள். பாறை மொத்தமாக விழுகிறது. சுடரோன் ஒரு நிமிடம் தலை குனிகிறான், விண்கலத்தில் ஏறுகிறான். கிளம்பிவிடுகிறார்கள்.

கத்தி நின்றது. நானும் மூச்சை நிறுத்தினேன்.

"அப்புறம்?"

"அவ்ளோதான் அண்ணா. முடிஞ்சது."

கடையைச் சாத்திவிட்டார். பாதிச் சவரத்தோடு ரயில் ஏறினேன்.

மறுநாள் என் மாமியார் போனில் அழுதார். "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மாப்ள" என்றார். விசாரித்தால், மைசூர் மைன்ஸ் முனையில் 'கண்ணீர் அஞ்சலி' என்று அண்ணன் வைத்த ஆளுயர பிளக்ஸ். மலைத்தோளன் முகம். கீழே 'வருந்தும் குடும்பத்தார்' என்று என் பெயர், என் போன் நம்பரோடு! சாம்பல் நிறம், மொட்டை, அகலத் தாடை. அந்த ஜாடையில் எங்கள் ஊரில் பாதிப் பேர் உண்டு. ஜனங்கள் மாலை போட்டார்கள். பக்கத்துப் பாலகாட் மைன்ஸிலிருந்து வந்த ஒரு பென்ஷன்காரர், "தங்கமான மனுசன், எங்க பொண்ணு கல்யாணத்துக்கு வந்து பந்தியில கூட நின்னாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த ஞாயிறு நேராகப் போய் நின்றேன்.

"உங்களுக்கு அறிவிருக்குதா அண்ணா? பொம்மை செத்ததுக்கு பேனரா?"

"செத்ததுக்கு இல்லபா என் கோவம்." குரல் ஏறவில்லை. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது. "உசுரு கீதா இல்லியான்னு கூட பாக்கல. உட்டுட்டுப் போய்ட்டானுங்க. எங்கப்பா மைன்ஸ்ல கல்லு சரிஞ்சி உள்ள மாட்டிகினாரு. எல்லாரும் முடிஞ்சிதுன்ட்டாங்க. அவரு ஷிப்டு ஆளுங்க மட்டும் கேஜ் லிப்டுல ஏறி மேல வரவேமாட்டேன்ட்டாங்க. ஆள எடுத்துகினுதான் வருவோம்னு தோண்டிகினே இருந்தாங்க. உசுரோட எடுத்தாங்கபா. அதுக்கப்புறம்தான் நானே பொறந்தேன். பறக்கத் தெரிஞ்ச பசங்க, ஒரு மண்வெட்டி எடுக்கத் தெரியல இவனுங்களுக்கு."



மலைத்தோளனை மேலே எடுக்கும் வரை டிவி போடுவதில்லை என்று சொல்லிவிட்டார். போடவும் இல்லை. அதன்பின் நடந்ததுதான் அக்கிரமம். எல்லோருக்கும் முழுசாக, ஒழுங்காக முடி வெட்ட ஆரம்பித்துவிட்டார். கடையில் கத்தரிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. வெட்டி முடித்துத் துண்டை உதறுவார், அவ்வளவுதான். ஊர் கலங்கிப்போனது. "இன்னாப்பா இது, மனுசன் இப்டி ஆய்ட்டாரு" என்று சரியாக வெட்டிய தலைகளோடு ஆட்கள் டீக்கடையில் முணுமுணுத்தார்கள்.

என் கோபம் இப்போது கதை எழுதியவர்கள் மேல் திரும்பியது. கூட வந்தவனை மண்ணுக்குள் விட்டுவிட்டு அடுத்த இதழில் புது ஆளைச் சேர்க்கிறார்களே, இவர்கள் எல்லாம் சோறுதான் தின்கிறார்களா? வாரம் தவறாமல் காமிக்ஸ் கடைக்குப் போய், "ஆளை எடுத்துட்டாங்களா?" என்று கேட்டேன். கடைக்காரப் பையன் என்னைப் பார்த்தாலே உள்ளே போய்விடுவான்.

போன வாரம் அவனே கூப்பிட்டு ஒரு இதழைக் கையில் கொடுத்தான். நான் பிரித்துப் பார்க்கவில்லை. ஞாயிறுவரை பொறுத்து, நாற்காலியில் உட்கார்ந்துதான் பிரித்தேன். நாலு பேரும் திரும்பி வருகிறார்கள். சுடரோன் வெறுங்கையால் தோண்டுகிறான். கடைசிப் பக்கத்தில் கற்களுக்கு நடுவே ஒரு பெரிய கை அசைகிறது.

படிக்கும்போது என் குரல் கொஞ்சம் உடைந்துபோனது உண்மை.

அண்ணன் கத்தரியை மேஜையில் வைத்தார். மேலே பார்த்து யாருக்கோ கும்பிடு போட்டார். டிவியைப் போட்டார். பிறகு வாசலுக்குப் போய், தெருவில் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "எடுத்துட்டாங்கபா, உசுரோட கீறான்" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் போர்த்திய துணியோடு காத்திருந்தேன். ரயிலுக்கு நேரமாகியும் அவர் உள்ளே வரவில்லை.

ரயிலில் பக்கத்தில் இருந்தவர் என் தலையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார், ஒரு பக்கம்தான் வெட்டியிருக்குது" என்றார்.

"தெரியும்" என்றேன். "மறுபக்கத்துக்கு அடுத்த ஞாயிறு போறேன்."