வக்கீலின் பல் செட்டும் என் ஆறு பிள்ளைகளும்

மதிப்பும் பாசமும் நிறைந்த அக்காவுக்கு உன் ஒரே தம்பி கும்பிட்டு எழுதிக்கொண்டது.

நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் குடும்பத்தில் இரண்டு பேராவது சுகமாக இருக்க வேண்டுமல்லவா. இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். உள்ளே ரீஃபில் இல்லை. காலையில் இரட்டையர்கள் வாசலில் நின்று சோப்புக் குமிழி ஊதியது எதைக் கொண்டு என்று இப்போதுதான் புரிகிறது. ஆகையால் இதைப் பெரியவளின் பச்சைக் கலர் பென்சிலில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் கூப்பிட்டால் அத்தான் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். என் மானம் இந்தத் தெருவில் போனது போதும், உங்கள் தெருவிலும் போக வேண்டாம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ உடனே புறப்பட்டு வந்து என் பிள்ளைகளில் இரண்டு பேரையாவது உன்னோடு அழைத்துக்கொண்டு போக வேண்டும். எந்த இரண்டு என்று நான் சொல்ல மாட்டேன். பெற்றவன் வாயால் அதைச் சொல்லக் கூடாது. நீயே வந்து, கைக்கு அகப்படுகிற இரண்டைப் பிடித்துக்கொள்.

பிள்ளைகளின் அம்மாவை ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்து, மூன்று வாரத்துக்கு வெளியூர் அனுப்பியிருக்கிறார்கள் என்று முன்பே சொன்னேன். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு. அவள் போகவா வேண்டாமா என்று வாசற்படியில் பெட்டியோடு தயங்கி நின்றபோது, முட்டாளான நான் அவளைப் பார்த்து, "நீ நிம்மதியா போயிட்டு வா. ஆறு குழந்தைங்கதானே" என்று சொன்னேன். அந்தத் 'தானே'யை நினைத்தால் இப்போதும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

முதல் வாரம் எப்படியோ ஓடியது. ஓடியது என்றால் நான்தான் ஓடினேன். பதினொரு வயதுப் பெரியவள் ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினாள். யார் எப்போது குளிப்பது, யார் பாத்திரம் துலக்குவது, யார் கடைக்குட்டியைப் பார்த்துக்கொள்வது என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரியில் 'அப்பா சத்தம் போடும் நேரம்: காலை ஏழரை' என்றும் இருந்தது. அதை ஒட்டிய பசை, நான் பல் செட் செய்யும் அறையிலிருந்து எடுத்தது. சுவர் இடிந்தாலும் அட்டவணை இடியாது. ஒன்பது வயது இரட்டையர்கள், பல் அச்சு எடுக்க நான் வைத்திருக்கும் ரோஸ் நிற மெழுகில் வீட்டிலுள்ள எல்லாருடைய காதையும் அச்செடுத்து ஜன்னலில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். பல் செட் அளவுக்கு வந்த ஒரு கிழவர் அதைப் பார்த்துவிட்டு, இங்கே காதும் செய்வீர்களா என்று கேட்டார். கடைக்குட்டிக்கு இரண்டு வயது. அவன் என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. ஒரு கையால் வேலை செய்து செய்து, இன்னொரு கை இருப்பதையே மறந்துவிட்டேன்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை, அக்கா. பெரிய விஷயம் ஐந்தாமவள்.

ஆறு வயது. வீட்டில் அவளுக்குப் பெயரே வாயாடிதான், உனக்குத் தெரியும். முதல் வாரக் கடைசியில் அவளுக்கு மேல் வரிசை முன்பல் இரண்டும் அடுத்தடுத்து விழுந்தன. பல் விழுவது எங்கள் வீட்டில் ஒரு செய்தியா? நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்தேன். ஆனால் அன்றிலிருந்து அவள் பேச்சு நின்றுவிட்டது. பேசினாலும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். மாலையில் அவள் அம்மா போனில் முகம் பார்த்துப் பேசக் கூப்பிடும்போதெல்லாம் எங்காவது ஓடி ஒளிந்துகொண்டாள். வாயாடி எங்கே என்று அம்மா கேட்டால், குளிக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். ஐந்தாவது நாள் அம்மா, அஞ்சு நாளாகவா குளிக்கிறாள் என்று கேட்டாள். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்படியிருக்க, போன வியாழக்கிழமை காலையில் வக்கீலின் பல் செட் காணாமல் போனது. எங்கள் தெருக்கோடி வீட்டு வக்கீல்தான். இரண்டு மாதம் முன்பு ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மேல்பல் அத்தனையும் போய்விட்டது. அவர் வாயைத் திறந்தால் நீதிபதியே எழுந்து நிற்பார் என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவர் இரண்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை அவருக்கு ஒரு பெரிய வழக்கு. வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு வந்து பல்லை மாட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. பாலிஷ் போட்டு, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பல்லை அதில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அமளி முடிந்து திரும்பிப் பார்த்தால் கிண்ணம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பல் இல்லை.

காய்ச்சலால் வீட்டில் இருந்த நாலாவது பையனைப் பிடித்து விசாரித்தேன். அவனுக்கு ஏழு வயது. கேட்ட கேள்விக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டான். பல்லைப் பார்த்தாயா என்றால் பார்த்தேன் என்றான். எங்கே என்றால் மேஜைமேல் என்றான். நீ எடுத்தாயா என்றால் இல்லை என்றான். கட்டிலைத் தூக்கினேன், அரிசி டின்னைக் கவிழ்த்தேன், செருப்புக்குள்ளெல்லாம் கைவிட்டேன். பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. ஐந்தாமவளின் டீச்சர். காரணம் சொல்லாமல் உடனே வரச் சொன்னார். நான் சட்டையை மாட்டும்போது நாலாவது பையன் அமைதியாக, "அவ பைக்குள்ள போட்டதை நான் பாத்தேன்ப்பா" என்றான். ஏன்டா முதலிலேயே சொல்லவில்லை என்றால், யார் எடுத்தது என்று நான் கேட்கவே இல்லையாம்.

அவனைப் பார்த்துக்கொள்ளும்படி மாடி வீட்டுத் தையற்கார அம்மாளிடம் கெஞ்சிவிட்டு, கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சட்டையை உள்புறம் வெளியாகப் போட்டிருப்பது தெரியாமல் போய் நின்றேன். வகுப்பில் பாட்டு ஒப்பிக்கும் நேரமாம். இவள் முறை வந்ததும் எழுந்து நின்று, பையிலிருந்து வக்கீலின் பல்லை எடுத்திருக்கிறாள். அது இவள் வாய்க்குள் எங்கே நுழையும்? உதட்டுக்கு முன்னால் கையால் பிடித்துக்கொண்டு முதல் வரியைப் பாடியிருக்கிறாள். முன் பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் அலறிவிட்டார்கள், ஒருவன் கை தட்டினானாம். அந்தக் கலவரத்தில் பல் செட் சிமெண்டுத் தரையில் விழுந்து, முன்பல் ஒன்று உடைந்துவிட்டது. டீச்சர் அதை ஒரு சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அவர் என்னைத் திட்டவில்லை. வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அவளையும் அழைத்துக்கொண்டு கோபத்தில் விறுவிறுவென்று நடந்தேன். பாதி தூரம் வந்ததும் அவளே என் விரலைப் பிடித்து நிறுத்தினாள். வாயைப் பொத்தியிருந்த கையை எடுக்காமலே சொன்னாள்.

"அம்மா போறப்ப எனக்குப் பல்லு இருந்துச்சுல்ல. இப்ப இல்ல. வந்து பாத்தா யாரோ வேற புள்ளைன்னு நினைச்சிருவாங்கப்பா."

நான் அப்படியெல்லாம் யாரும் நினைக்க மாட்டார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. "நீதானே எல்லார்கிட்டயும் சொல்லுவ, பல்லு போனா ஆளே அடையாளம் தெரியாதுன்னு."

அக்கா, பதினேழு வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்கிற வசனம் அது. வியாபாரத்துக்குச் சொன்னது. அடுத்த அறையில் உட்கார்ந்து ஒரு குழந்தை அதைக் கேட்டு, இத்தனை நாளாக மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறது. ஒருவேளை சோறு தவறவில்லை, ஒருநாள் குளியல் தவறவில்லை என்று நான் மார் தட்டிக்கொண்டிருந்தேன். நடுத்தெருவில், ஒரு டப்பாவில் உடைந்த பல்லும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாக நின்றேன்.

நாலு மணிக்கு வக்கீல் வந்தார். நான் டப்பாவைத் திறந்து காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. ஏதோ சொன்னார். பல் இல்லாத வாயிலிருந்து வந்ததெல்லாம் காற்றாகவே இருந்தது, எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கதவோரம் நின்ற ஐந்தாமவள், "கூண்டுல ஏறச் சொல்றாரு" என்று சொல்லிவிட்டு, தானே போய் ஸ்டூல்மேல் ஏறி நின்றாள். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் ஓட்டை. அவர் பேசுவது அவளுக்கும் அவள் பேசுவது அவருக்கும் தெளிவாகப் புரிந்தது. நான்தான் நடுவில் மொழி தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டவன் போல நின்றேன். எடுத்தது நீதானா, எதற்காக எடுத்தாய் என்று அவர் விசாரிக்க, அவள் அம்மா விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். பிறகு அவர் அவள் பக்கம் குனிந்து, எனக்கும் புரியும்படி நிதானமாகக் கேட்டார்.

"நான் யாரு?"

"வக்கீல் மாமா."

"எனக்குத்தான் பல்லே இல்லையே. எப்படிக் கண்டுபுடிச்ச?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மூஞ்சி அதேதானே இருக்கு."

"அவ்வளவுதான். சாட்சி இறங்கலாம்" என்றார் வக்கீல். திங்கட்கிழமை வழக்குக்கு வாய்தா வாங்கிக்கொள்கிறாராம். வாய் இல்லாதவனுக்கு வாய்தா தராமலா போவார்கள் என்று அவரே சொல்லி, அவரே சிரித்தார். நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

அன்று மாலை அம்மாவின் அழைப்பு வந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய்ப் போனை எடுத்தவள் இவள்தான். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போனைப் பிடித்து, வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து காட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "எங்கடி போன வாயாடி, இத்தனை நாளா?" அவ்வளவுதான், அத்தனை நாள் பேச்சையும் அவள் ஒரே மூச்சில் பேசித் தீர்த்தாள். பல் செட் விவகாரம், அரிசி டின், என் சட்டை, எதுவும் பாக்கியில்லை. பிறகு போன் என் கைக்கு வந்தது. நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதப் பச்சைப் பென்சில் போதாது. கடைசியில் பிள்ளைகளின் அம்மாவும் அழுதாள், நானும் அழுதேன். பயிற்சியை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அக்காவைக் கூப்பிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது. என்னால் ஆகாது. ஆறு பேர் மனதில் என்னென்ன ஓடுகிறதென்று ஒரு மனிதன் எப்படிக் கண்டுபிடிப்பது? நாலு பேர் என்றால் ஒருவேளை கவனித்துவிடுவேன். இதை எழுத உனக்கு நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பாய். தையற்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஆறு பேரையும் பூங்காவுக்கு அழைத்துப் போயிருக்கிறார். நாலு மணிக்கு வந்துவிடுவார்கள்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். அவருடைய முழங்கால் வலி தேவலையா? நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், எல்லாப் பற்களோடும் இருக்க வேண்டும் என்று விரும்பும்,

உன் அன்புத் தம்பி

பி.கு.: அக்கா, மணி நாலே கால். இன்னும் வரவில்லை. வீடு இப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை, குழாய் சொட்டுவது கேட்கிறது. நாலு தடவை வாசல் கேட்டுக்குப் போய்விட்டு வந்தேன். மேலே எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. யாரையும் அழைத்துப் போக வர வேண்டாம். நான் தர மாட்டேன். வேண்டுமானால் நீ வந்து தங்கு.

இதோ வந்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர் இருக்கிறார்கள். ஒன்று நம்முடையதல்ல. யாருடையது என்று தையற்கார அம்மாளும் நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அது அதற்குள் கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டது.