மிச்சம் நாளைக்கு

பின்வரிசையில் நின்று நக்கலடிப்பதில் மூக்கண்டப்பள்ளியிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதே வாய்க்கு நேராக மைக்கை நீட்டினால் மட்டும் என் நாக்கு சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டுவிடும்.

எங்கள் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் வந்தால், தினமும் காலை ஷிப்டுக்கு முன்னால் உறுதிமொழி. ஒருவர் மைக்கில் வரி வரியாகச் சொல்வார். இருநூறு பேர் வலது கையை நீட்டிக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்வோம். அந்த வருடம் லைன் லீடர் வேலைக்கு என் பெயர் அடிபட்டது. மேனேஜர் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை உறுதிமொழி நீங்க சொல்லுங்க. பேப்பர் பார்க்கக் கூடாது. ஆளுங்க முன்னால நிக்க முடியலைன்னா லைனை எப்படிப் பார்ப்பீங்க?"

வீட்டுக்கு வந்து, லைன் லீடர் ஆவதால் உடம்புக்கு வரும் கெடுதல்களை விளக்கினேன். என் மனைவி கலா காதிலேயே வாங்கவில்லை.

"மொத்தமா நினைச்சாத்தாங்க பயம். ஆறு வரிதானே? ஒரு நாளைக்கு ஒரு வரி. திங்கள்ல ஆரம்பிச்சா சனிக்கு முடிஞ்சுது."

அப்படியே செய்தேன். தினமும் காலையில் மத்திகிரி மாட்டுப் பண்ணை வேலியோரம் வண்டியை நிறுத்தி, மாடுகளுக்கு உறுதிமொழி செய்துவைத்தேன். அருமையான சபை. (ஒன்றுகூடக் கொட்டாவி விடவில்லை.) வியாழக்கிழமை நான்காவது வரி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கம்பெனிக்குள் நுழைந்தேன்.

அன்றைக்குச் சொல்ல வேண்டிய மஞ்சுநாத் அத்திப்பள்ளி டிராபிக்கில் மாட்டிக்கொண்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். "நீங்கதான் ரெடியாயிட்டீங்களே, வாங்க!"

நான்கு வரிகள் கணீரென்று வந்தன. பிறகு நின்றுபோனேன். எதிரே இருநூறு கைகள் நீட்டியபடி.

"ஐயோ," என்றேன்.

"ஐயோ!" என்றது கூட்டம்.

"இல்லப்பா, இது உறுதிமொழி இல்ல."

"இல்லப்பா, இது உறுதிமொழி இல்ல!"

முன்வரிசையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வெங்கடேசன் மட்டும் வேண்டுமென்றே கத்தினான். மற்றவர்கள் பாவம், பழக்கதோஷம். அழாத குறையாக உண்மையைச் சொன்னேன்.

"நாலு வரிதான் படிச்சிருக்கேன். மிச்சம் நாளைக்குச் சொல்றேன்."

மேனேஜர் உட்பட இருநூறு பேரும் கை நீட்டிச் சத்தியம் செய்தார்கள்: "நாலு வரிதான் படிச்சிருக்கேன். மிச்சம் நாளைக்குச் சொல்றேன்!"

அத்தோடு லைன் லீடர் கனவு போச்சு என்று பாத்ரூமில் ஒளிந்துகொண்டேன். மேனேஜர் வெளியே நின்று கதவைத் தட்டினார்.

"வாய் தவறி நானும் சத்தியம் பண்ணிட்டேன்யா. நாளைக்கு வந்து மிச்சத்தைச் சொல்லிடுங்க."

வெள்ளிக்கிழமை மஞ்சுநாத் முழு உறுதிமொழியும் சொல்லி முடித்ததும், நான் போய் ஐந்தாவது வரியை மட்டும் சொன்னேன். சனிக்கிழமையும் அவரே முழுசாகச் சொல்ல, நான் ஆறாவது. மூன்று நாளில் முடிந்த உறுதிமொழி எங்களுடையதாகத்தான் இருக்கும். கைதட்டல் ஷெட் கூரையைத் தூக்கியது. லைன் லீடர் வேலையும் வந்தது.

வீட்டில் குழாயைப் பாதி கழற்றிவிட்டு நான் எழுந்தால், கலாவும் மகளும் இன்றைக்கும் வலது கையை நீட்டிவிடுவார்கள்.

போன மாதம் காலேஜில் செமினார் எடுக்கும்போது என் மகள் நடுவில் திக்கி நின்றாளாம். பயப்படாமல் கையை நீட்டி, "மிச்சம் நாளைக்குச் சொல்றேன்" என்றாளாம். வகுப்பே சிரித்ததாம். சிரிப்பு அடங்குவதற்குள் அவளுக்கு மிச்சம் ஞாபகம் வந்து, அன்றைக்கே முடித்தும் விட்டாளாம்.

அந்தப் பகுதி மட்டும் அவள் அம்மா ஜாடை.