கூரையைப் பார்க்காத வாடகைக்காரர்

தெஹியோவிட்ட

மதிப்புக்குரிய மச்சான் இருதயராஜ் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் உங்கள் தங்கை மேர்சியும் நலம். வத்தளையில் நீங்கள் முக்கியமாக நலமாக இருக்க வேண்டும். நான் நேரில் கேட்கப்போகும் கேள்விகளைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டுமல்லவா?

நான் ரப்பர் பெக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, "ஈ.பி.எப். காச சும்மா வைக்காதீங்க மச்சான். குருவிட்டவுல என் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீடு விலைக்கு வருது. வாங்கி வாடகைக்கு விடுங்க. நீங்க தூங்குங்க, வீடு சம்பாதிக்கும்" என்று சொன்ன மகான் நீங்கள். வாங்கினேன். மேர்சிக்கு வேறு ஆசை. "ரெண்டு வருசம் வாடகை வரட்டும், அப்பறம் நாமளே குடி போயிருவோங்க" என்றாள். ஆயுள் முழுக்கத் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் புகைக்குள் சமைத்தவள். சமைக்கத் தனிக் குசினி என்றதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே சந்தோசமாக இருந்தது.

வந்தவர்கள் எல்லாம் கூரை ஒழுகுமா, தண்ணீர் வருமா என்று குடைந்தார்கள். இந்திரகுமார் என்ற மனிதர் மட்டும் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஐயா, உள் அறைத் தரை சிமெண்டா, மண்ணா?" என்று கேட்டார். "மண்ணுதாங்க, சிமெண்டு போட இன்னும் வசதிப்படல" என்றேன். "போட்றாதீங்க ஐயா, மண்ணுதான் உடம்புக்குக் குளுமை" என்று ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கையில் வைத்தார். இப்படியொரு திருப்தியான ஆத்மா உண்டா என்று ஞாயிறு பூசையில் அவருக்காக ஜெபிக்கவும் செய்தேன். வாடகைக்கு இருப்பவரைப் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்று நீங்கள் போதித்தபடி அந்தப் பக்கமே போகவில்லை. அவர் தண்ணீர்ப் பம்பு வாங்கினார் என்று கேள்விப்பட்டபோது, தோட்டம் போடுகிறார் போல, உழைப்பாளி என்று பெருமைப்பட்டேன்.

போன வாரம் மேர்சி குசினியைப் பார்க்க ஆசைப்பட்டாள் என்று போனோம். உள் அறை இருக்கிறது, தரையைக் காணவில்லை! இருந்த இடத்தில் ஒரு குழி, அதில் ஓர் ஏணி. ஊரே மாணிக்கக்கல் தேடி மண்ணைத் தோண்டும் குருவிட்டயில், மண் தரை வீட்டை வாடகைக்கு விட்ட மேதாவி நான். அடியிலிருந்து குரல் வருகிறது: "வாங்க ஐயா! செருப்பக் கழட்டிட்டு எறங்குங்க, வழுக்கும்." ஏறி வந்தவர் என்னிடமே புகார் சொல்கிறார்: "கூரை ஒழுகி குழிக்குள்ள தண்ணி நிக்குதுங்க ஐயா, கொஞ்சம் பாத்து செஞ்சு குடுங்க."

குசினிச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மேர்சி அதைத் தடவிப் பார்த்து அழுதாள். இந்திரகுமாரை அன்றே காலி செய்ய வைத்தேன், மச்சான். கல் ஒன்றும் கிடைக்கவில்லையாம்; என் மண்ணில் ராசியில்லையாம். போகும்போது அதையும் குறை சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே உடனே வாருங்கள். குழியை மூடி, வீட்டை வாங்க ஓர் ஆளையும் நீங்களே பிடித்துத் தரவேண்டும். இந்த வாடகைத் தொழில் எனக்கு இனி வேண்டவே வேண்டாம்.

உங்கள் வீட்டுத் தரை என்றும் இருந்த இடத்திலேயே இருக்க ஜெபிக்கும்,
மச்சான் ரொபர்ட்

பி.கு.: இதைக் குருவிட்டயில் குழிக்கரையிலிருந்து எழுதுகிறேன்; மேலே எழுதியதை மனதில் வைக்க வேண்டாம். வரவும் வேண்டாம், ஆளும் பிடிக்க வேண்டாம். மூடுவதற்கு முன் சும்மா ஒரு கூடை மண்ணைக் கழுவிப் பார்க்கிறேன் என்று இறங்கிய மேர்சி, "குசினிய அப்பறம் பாத்துக்கலாங்க, அந்த மண்வெட்டிய எறக்குங்க" என்கிறாள். பக்கத்திலுள்ள உங்கள் பழைய வீடு பூட்டித்தானே கிடக்கிறது? எங்களுக்கே வாடகைக்குத் தாருங்கள், ஆறு மாத முன்பணம் தருகிறேன். கூரை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. உள் அறைத் தரை சிமெண்டா, மண்ணா என்று மட்டும் எழுதுங்கள்.