விளக்கு அணைந்தால் தண்ணீர்

ஒரே ஒரு மணி நேரம். பகலெல்லாம் அறுபது பிள்ளைகளின் இரைச்சலைக் கேட்ட காதுக்கு, இந்த பல்புக்குக் கீழே ஒரு மணி நேரம், ஒருவரும் இல்லாமல். அதைக்கூட நான் கேட்கக் கூடாதா?

ஐரீன் டீச்சர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜன்னலில் தொங்கிய பதினைந்து முகங்களுக்கும் கேட்டிருக்கும்.

கொருக்குப்பேட்டையின் அந்தச் சந்தில் மின்சார விளக்கு இருந்தது அவளுடைய ஒற்றை அறையில் மட்டும்தான். ஐம்பத்திரண்டில் மழை பொய்த்து, குழாய் வறண்டபோது, ரயில் பாதைக்கு அப்பாலிருந்த கிணற்றில் மின்சாரக் கம்பெனி மோட்டார் வைத்தது. மோட்டார் ஓடும் நேரம் வீடுகளுக்கு மின்சாரம் நிற்கும் என்று நோட்டீஸும் ஒட்டியது. சந்துக்கு அது போதும். விளக்கு அணைந்தால் தண்ணீர்.

"இன்னா டீச்சர், இன்னும் அணையலியா?" என்றாள் சிலுவையம்மாள், இடுப்பில் குடத்தோடு.

"கிணத்துக்கிட்டயே போய் நிக்கலாமே?"

"அம்மாந்தூரம் போயி சும்மா காஞ்சிகினு நிக்கச் சொல்றியா? நல்லா கீதே நாயம்!"

ஐரீன் ஜன்னலைச் சாத்தினாள். அவர்கள் கதவு வழியாக உள்ளே வந்தார்கள். குடங்கள் கட்டிலில் ஏறின. ஒருத்தி அவள் புத்தகத்தை எடுத்து விசிறிக்கொண்டாள்.

ஐரீன் சுவரில் சாய்வதுபோல் சாய்ந்து, முதுகுக்குப் பின்னால் சுவிட்சைத் தட்டினாள்.

"அணைஞ்சிட்ச்சி! ஓடுங்கடி!"

அறை காலியானது. வெறுங்குடத்தோடு வந்து திட்டுவார்கள், திட்டட்டும். கால் மணி கழித்து அவள் சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரியவில்லை. கேட்ட தனிமை கிடைத்தது, இருட்டில். அவர்களோ நிறைகுடத்தோடு திரும்பினார்கள்.

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் பக்கத்துச் சந்தும் வந்து சேர்ந்தது. தன் வீட்டில் உட்கார இடமில்லாமல், இன்னும் சுவிட்சைத் தொடாமல் ஐரீன் நின்றுகொண்டிருந்தபோது, வாசலில் சைக்கிள் மணி அடித்தது. மோட்டார் போடும் சௌக்கத் அலி.

"அடப் பேஜாரே! எல்லாரும் இங்க குந்திகினு கீறீங்களா? நாலு மணிலர்ந்து நான் கிணத்தாண்ட ஈ ஓட்டிகினு கீறேன். ஜனம் சேந்தாதான் மோட்டார் போடணும், தண்ணி வீணாவக் கூடாதுன்னு எனக்கு ஆர்டர்!"

"வெளக்கு அணையாம நாங்க எப்டி நைனா வர்றது?" என்றாள் சிலுவையம்மாள்.

"மோட்டார் ஓடாம வெளக்கு எப்டிம்மா அணையும்?"

ஒவ்வொரு தலையாகச் சுவிட்சின் பக்கம் திரும்பியது. பிறகு ஐரீனின் பக்கம்.

சிலுவையம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "சரி டீச்சர், நேரமாவுது. நீயே அணைச்சிடு."

"இல்லம்மா," என்றாள் ஐரீன், குரலை உயர்த்தாமல். "ஒரு மணி நேரம் எரியட்டும். அப்புறம் வாங்க."