நாற்பது பெட்டித் தூக்கம்

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரிய சகலை அவர்களுக்கு, மருந்துக்கடைச் சின்னச் சகலை வியாழக்கிழமை மதியம் எழுதிக்கொள்வது.

இன்று காலை உடல் சூடு எனக்கு 98.2, உங்கள் மைத்துனிக்கு 97.9. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் இருவருக்கும் 97. நலம் என்று ஒரே சொல்லில் எழுதிய காலம் போய்விட்டதால் விவரமாக எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் முதல் எண் கூடாமலும் இரண்டாவது எண் குறையாமலும் இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. உங்கள் கம்பெனியிலிருந்து போன மாதம் வந்த மூலிகைத் தூக்க மாத்திரை நாற்பது பெட்டிகளையும் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கைத் திருப்பி அனுப்ப நாளை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிதான் கடைசி என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறது. அந்த நாற்பது பெட்டியால்தான் உங்களுக்குச் சிறந்த விற்பனைப் பிரதிநிதி என்று கேடயம் கிடைத்தது என்பதும், அக்கா அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்துத் தினமும் துடைக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். கேடயத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டிகள் போகாவிட்டால் என் கடையில் எனக்கு நிற்க இடமில்லை.

தவறு என்னுடையதுதான். எங்கள் கடையில் ஒரு நோட்டு உண்டு. யாராவது வந்து ஒரு பொருளைக் கேட்டு, அது இல்லையென்றால், உடனே அதில் எழுதிவிடுவேன். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்து ஆர்டர் போடுவேன். இருபது வருடமாக அந்த நோட்டு என்னை ஏமாற்றியதில்லை. இந்த நோய் வந்தது, எல்லாம் தலைகீழானது. எல்லோரும் முகக்கவசம் போட்டதால் சளி இருமல் யாருக்கும் வரவில்லை, இருமல் மருந்து தூசி படிந்து கிடக்கிறது. பயணத்தில் வாந்தி வராமலிருக்கும் மாத்திரையை வாங்குவார் இல்லை, ஏனென்றால் யாரும் வாசற்படியைத் தாண்டவில்லை. வைட்டமின் மாத்திரை மட்டும் வந்த வேகத்தில் போனது. அதற்கடுத்து எல்லோரும் கேட்டது தூக்கத்துக்கு ஏதாவது. கேட்டவர் ஒருவராவது தனக்கென்று கேட்டாரா என்றால் இல்லை. மாடி வீட்டு அம்மாள் வந்து, முகக்கவசத்துக்கு மேலே கண்ணை உருட்டி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எனக்கில்லீங்க, அவருக்குத்தான். கண்ணை மூடாம ஃபேனையே பாத்துட்டுக் கெடக்குறாரு. நான் வாங்குனதா வீட்ல சொல்லிடாதீங்க" என்றார். அவர் படியேறிய பத்தாவது நிமிடம் அவருடைய கணவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இறங்கி வந்து மனைவி இரவெல்லாம் பெருமூச்சு விடுகிறாள் என்றார். பிறகு வங்கியில் காசாளராக இருக்கும் மகன், பிறகு மருமகள். நாலு பேருக்கும் தூக்கமில்லை, நாலு பேரும் மற்ற மூவரைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். சரக்கு வரவில்லை என்றதும் மறுநாளும் வந்தார்கள். நான் மறுநாளும் எழுதினேன். எதிர்வரிசைத் தையல்காரர் ஒருவரே பதினெட்டு நாள் வந்திருக்கிறார், அதைப் பதினெட்டு பேர் என்று எண்ணியது இந்த மண்டைதான். அப்படி எண்ணித்தான் நாற்பது பெட்டி.

சரக்கு வந்த வாரமே விபரீதமும் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மாடி வீட்டில் மருமகள் மாத்திரையை டீயில் போட்டிருக்கிறாள், மாமியார் பாலில் போட்டிருக்கிறார், மகன் பழச்சாற்றில் போட்டிருக்கிறான். அதுவரை சமையலறையில் கால் வைத்தறியாத தலைமையாசிரியர் அன்றைக்கென்று பார்த்து எல்லோருக்கும் சூப் வைத்திருக்கிறார். வீட்டில் சண்டை வேண்டாம் என்று எல்லோரும் எல்லாவற்றையும் குடித்திருக்கிறார்கள். மறுநாள் காலை பால்காரர் அரை மணி நேரம் மணியடித்தும் கதவு திறக்கவில்லை. இந்த நாளில் கதவு திறக்கவில்லை என்றால் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான். யாரோ போன் செய்ய, உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஆறு பேர் வந்து, கதவை உடைத்து, நாலு பேரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருமுனையைத் தகரம் அடித்து அடைத்தார்கள். ஆம்புலன்சிலேயே கண்விழித்த தலைமையாசிரியர், நாலு மாதத்தில் முதல்முறையாகத் தூங்கினவனை எழுப்பினது எந்த மடையன் என்று கேட்டாராம்.

அன்றோடு தூக்க வியாபாரம் படுத்துவிட்டது. அயர்ந்து தூங்கினால் வெள்ளை உடுப்பு வந்துவிடும் என்று தெருவே பயப்படுகிறது. காலை ஆறு மணிக்கு ஆளாளுக்கு ஜன்னலைத் திறந்து, தாங்கள் விழித்திருப்பதை ஊருக்குக் காட்டக் கையசைக்கிறார்கள். இப்போது என் நோட்டில் இருப்பதெல்லாம், தூங்காமல் இருக்க ஏதாவது உண்டா என்ற கேள்விதான்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். எனக்குத் தூக்கத்தில் ஒரு குறையும் கிடையாது. கடைக்கு நாளெல்லாம் ஆள் வருவதால், எதையாவது கொண்டுபோய் அவளுக்கு ஒட்டவைத்துவிடக் கூடாது என்று நாலு மாதமாக வாசல் அறையில் தனியாகப் படுக்கிறேன், அவ்வளவுதான். அவள் உள்ளே இருமினாளா, வெறுமனே தொண்டையைச் செருமினாளா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் தூக்கமின்மை என்று சொல்ல முடியாது. அவள்தான் பத்து நாளாக மாடிப்படியில் நின்றுகொண்டு அக்காவிடமும் உங்களிடமும் போனில் ரகசியமாக ஏதோ பேசுகிறாள். நான் போனால் பேச்சை மாற்றுகிறாள். அவளுக்கு என்ன மனக்குறை என்று தெரிந்தால் எழுதுங்கள்.

பெட்டிகளைக் கட்டி வைத்துவிட்டேன். கூரியர் பையன் வந்ததும் இந்தக் கடிதத்தோடு அனுப்பிவிடுவேன். உங்கள் கையெழுத்து மட்டும் போதும். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆறடி தள்ளி நின்று ஆசிகள். எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு நூறாண்டு இருங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத
சின்னச் சகலை

பின்குறிப்பு: இது சனிக்கிழமை காலை எழுதுவது. வியாழன் மதியம் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் மைத்துனி ஒரு தம்ளர் பால் கொண்டுவந்து வைத்தாள். குடித்தது நினைவிருக்கிறது. கண்விழித்தபோது வெள்ளிக்கிழமை மாலை ஆறரை. கூரியர் பையன் வந்து தட்ட, அவளே அவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அஞ்சு மணியும் போயிருக்கிறது. "ஒண்ணுதான் போட்டேன். மீதியெல்லாம் உங்க நாலு மாசப் பாக்கி" என்கிறாள். எத்தனை போடலாம், எதில் போடலாம், எந்தக் கிழமை போடலாம் என்று சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான் என்பதையும் ஒப்புக்கொண்டுவிட்டாள். கேடயம் உங்களிடமே இருக்கட்டும். கோபப்படத்தான் பார்த்தேன், நன்றாகத் தூங்கி எழுந்ததில் வரவில்லை.

ஆனால் ஒன்று. வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்துவிடக் கூடாதே என்று, நான் தூங்கிய நேரம் முழுவதும் அவள் வாசல் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை என் விரலில் அந்தக் கருவியை மாட்டிப் பார்த்திருக்கிறாள். நாலு பக்கம் எண்களாக எழுதி வைத்திருக்கிறாள். இப்போது கண் சிவந்துபோய், எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறாள். அதனால் பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பெட்டியைப் பிரித்துவிட்டேன், அடுப்பில் பால் காய்கிறது. இருபது வருடப் பழக்கம் விடவில்லை, நோட்டிலும் எழுதிவிட்டேன்: தூக்க மாத்திரை, ஒன்று. எனக்கில்லை.