கருக்காப்பு சாமியும் கேசவன் வயிறும்

கொரோனா உச்சத்தில் இருந்தபோது கடப்பாக்கம் மீனவர் குப்பத்துக்குள் நுழைய எல்லோரும் பயந்தார்கள். கருக்காப்பு சாமி பயப்படவில்லை. வெள்ளை பைக்கில் வந்து இறங்கினார். கொரோனாவைக் கண்ணாலேயே விரட்டுகிறவர்; முகத்தில் மட்டும் இரண்டு மாஸ்க். பக்தர்களின் நலனுக்காகவாம்.

ஊரடங்கில் காலியாகக் கிடந்த மீன் ஏலக் கொட்டகைதான் ஆசிரமம். தொற்றிவிடும் என்று மாதச் செக்கப்பை நிறுத்திய கர்ப்பிணிகள், அங்கே தோளோடு தோள் உரச நின்றார்கள். கொட்டகையில் தொற்றாது. சாமி உத்தரவு.

மஞ்சள் தீர்த்தத்தை மாமியார் கையால் மருமகள் வயிற்றில் தடவச் சொல்வார். மேலே திருநீறு தூவுவார். மஞ்சளாகவே இருந்தால் பிள்ளை நலம். சிவந்தால் கருவிலும் கொரோனா. காணிக்கை வைத்துப் பரிகாரம் முடியும்வரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது. கழுத்தில் தடித்த செயின் இருந்தால் பெரும்பாலும் வயிறு சிவந்தது. கொரோனாவுக்கும் தங்கம் பிடிக்கும் போல.

ஸ்ரீதேவிக்கு ஏழாம் மாதம். காய்ச்சல். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றவளை, மாமியார் ஆதியம்மாள் கொட்டகைக்கு இழுத்து வந்தாள். புருஷன் கேசவன், அம்மா சொன்னால் சரி என்கிற ரகம், பின்னாலேயே வந்தான்.

செயின் போட்டிருந்தாள். வயிறு சிவந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா புள்ள தங்காது," என்றார் சாமி.

ஸ்ரீதேவி தூணைப் பிடித்துக்கொண்டாள். "சாமி... இவரு வயித்துலயும்... தடவிப் பாரு."

"ஆம்பள வயித்துல சக்தி பேசாதும்மா."

"பேசலன்னா மஞ்சளாவே இருக்கட்டும். உனுக்கு இன்னா நஷ்டம்?"

சாமி தீர்த்தச் செம்பை மடியில் மறைத்தார். ஆதியம்மாளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. மருமகளுக்கு மூச்சு வாங்குகிறதே என்று அல்ல. தன் மகன் வயிற்றைக் குறைத்துப் பேசிவிட்டாரே என்று. செம்பைப் பிடுங்கிக் கேசவன் தொப்பையில் தடவினாள். சாமி வைத்திருந்த திருநீற்றையும் அள்ளிப் பூசினாள்.

குங்குமச் சிவப்பு.

"எத்தினி மாசம் மச்சான்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "மாங்கா வாங்கியாரட்டா?" என்றது இன்னொன்று.

"அது வேற தோஷம்..." என்று சாமி ஆரம்பித்தார்.

"அத்த, மிச்சத்த... அவுரு வண்டில ஊத்து," என்றாள் ஸ்ரீதேவி.

ஆதியம்மாள் ஊற்றினாள். கையில் ஒட்டியிருந்த திருநீறு பட்டதும் பைக் டேங்கும் சிவந்தது.

"இன்னா சாமி, வண்டியும் முழுகாம கீதா?"

ஆதியம்மாள் விரலை முகர்ந்தாள். "அடப்பாவி! மஞ்சளும் சுண்ணாம்பும்! ஆரத்திடா இது!"

அங்கே நின்ற அத்தனை பெண்களும் கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆரத்தி கலக்குகிறவர்கள். தட்டில் சிவந்தால் சுண்ணாம்பு. வயிற்றில் சிவந்தால் மட்டும் தெய்வம்.

சாமி ஓடினார். அவர் விட்டுப்போன இரண்டு பைகளில் ஒன்றில் திருநீறு என்ற பெயரில் சுண்ணாம்புத் தூள்; இன்னொன்றில் அசல் திருநீறு இருந்தது. மஞ்சள் கயிறு மட்டும் கட்டிய ஏழைகளுக்கு. மொத்தக் கூட்டமும் அவரைத் துரத்தக் கிளம்பியது.

"அவன் கெடக்கறான்..." ஸ்ரீதேவி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "எனுக்கு ஆட்டோ கூப்டுங்கய்யா!"

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் டாக்டர். அவள் பிழைத்தாள். பிள்ளையும் தங்கியது.

வயிற்றுப் பிள்ளைக்கு மூளை வளரப் பத்து மாதம் போதும். வெளியே வந்து இத்தனை வருடமாக வரிசையில் நிற்கும் நமக்கு, இன்னும் எத்தனை மாதம் வேண்டும்?